ஊசி இறங்கியபடி

இது பதினேழாவது.
பதினாறோடு நிறுத்திக்கொள்வதாக
வெய்க்கோவிடம் சொல்லியிருந்தேன்.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
சமையல் மேசையிலிருந்த ரொட்டிக் கூடையைத் தூக்கி
ஜன்னல் விளிம்பில் வைத்தான், அவ்வளவுதான்.

இரவில் நான் பனி வாரும் வண்டி ஓட்டுகிறேன்.
தண்டர் பே நகரத் தெருக்களை
ஒரே இழுப்பில் கிழித்துக்கொண்டு போவேன்.
திரும்பி வருவதற்குள்
கிழித்த தடமே இருக்காது.
வீட்டுக்கு வந்ததும்
நின்று பிடிக்கிற ஒரு கோடு போடக்
கை அரிக்கும்.

மாடிப்படிக்கு அடியில் மிதி மெஷின்கள் நான்கு.
குளியலறைக் கதவைப் பாதியில் மறிக்கும்
பச்சை நிற ஸ்வீடன்காரி.
கூடத்துக் கறுப்பி தோலையும் தைப்பாள்,
மெல்லிய துணியைக் கண்டால்தான் முறைப்பாள்.
பின்னோக்கிப் போகத் தெரியாதவை இரண்டு;
அவற்றுக்கு முடிச்சை நாம்தான் போட வேண்டும்.
எல்லாமே ஓடும்.
ஓடாததை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க
இது அருங்காட்சியகமில்லை,
இரண்டு அறை வீடு.

நோலாலுவில் ஒரு பண்ணையைக் காலிசெய்துகொண்டிருந்தார்கள்.
கொட்டகைக்குள், டயர்களுக்கும்
ஐஸ் துளைக்கும் திருகாணிக்கும் நடுவே இருந்தது.
"நாற்பது டாலர்" என்றான் ஆர்வி.
"நீங்களே தூக்கிக்கொண்டு போனால் முப்பது."
தைத்தது யார் என்று கேட்டேன்.
"எதை?" என்றான்.
அவன் இடத்தை வாங்கியபோதே
அது அங்கேதான் இருந்ததாம்.

ஊசி இறங்கியபடி நின்றது.
அதன் காலடியில் பழுப்புக் கான்வாஸ் மடிப்பு ஒன்று.
மோட்டார் வயரை எலி தின்றிருந்தது.
துணியை மட்டும் விட்டுவைத்திருந்தது.
யாரோ எழுந்து போயிருக்கிறார்கள்.
தொலைபேசி அடித்ததா,
பால் பொங்கியதா,
பிரசவ வலியா,
அல்லது
போதும் என்று தோன்றிவிட்டதா.

மூன்று நாள் பிடித்தது.
பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருந்தது.
புது எண்ணெய், துளித் துளியாக.
தலைமுடி உலர்த்தியின் சூடு கொஞ்சம்.
சக்கரத்தோடு மல்லுக்கட்டக் கூடாது:
வருகிறாயா என்று லேசாகத் தொட்டுக் கேட்டுவிட்டு
நம் வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும்.
வழக்கமாக முதலில் துணியை உருவி எறிவேன்.
இந்தத் தடவை
ஒரு சொட்டும் அதன்மேல் படாமல்
சுற்றிச் சுற்றித் துடைத்தேன்,
தூங்குகிறவரை எழுப்பாமல் பெருக்குவதுபோல.

இன்னும் ஆறு அங்குலம் பாக்கி.
சாக்பீஸ் கோடு வெளிறியும் அழியவில்லை.
படகு மோட்டாருக்கு உறை என்றான் வெய்க்கோ.
விறகு சுமக்கிற பை என்றேன்.
ஒரு பீர் பந்தயம்.

வியாழன் விடிகாலை
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
சக்கரத்தை என் பக்கமாகத் திருப்பினேன்.
ஊசி எழுந்தது.
கீழ்நூலைக் கவ்வியது.
டக்.
ஒவ்வொரு தையலாக, கையாலேயே.
நான்கு அங்குலத்தில் அவர்களுடைய நூல் தீர்ந்தது.
அந்தப் பழுப்பு என்னிடம் இல்லை.
இருந்தது ஆரஞ்சுதான்,
வேலைச் சட்டைக்கு ஒட்டுப் போட்ட மிச்சம்.
கடைசி இரண்டு அங்குலமும் ஆரஞ்சு,
யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

வெளியே எடுத்து உதறித் திருப்பினேன்.
நான்கு மூலை.
அடியில் திறப்பு.
வலது ஓரத்தில்
சக்கரம் வெளியே நீட்டிக்கொள்ள
அளவெடுத்து வெட்டிய பிறை.

முதலில் சிரித்தது வெய்க்கோ.
தனக்கே உறை தைத்துக்கொண்டிருந்திருக்கிறது,
அதுவும் இத்தனை வருஷம்
கொட்டகைத் தூசியைத் தின்றுகொண்டு,
ஆறு அங்குலக் குறையில்.

மாட்டிப் பார்த்தேன்.
அச்சாகப் பொருந்தியது.

பந்தயத்தில் இருவருக்குமே தோல்வி,
ஆளுக்கொரு பீரைத் திறந்தோம், காலை ஏழு மணிக்கு.
பிறகு உறையைக் கழற்றி
நாற்காலி முதுகில் போட்டேன்.

அந்த ஜீன்ஸை எடு, வெய்க்கோ.
முழங்கால் கிழிந்து
கிறிஸ்துமஸிலிருந்து கிடக்கிறதே, அது.